ஐஸ் பெட்டியில் போன டப்பா

மீன்காரிக்கு ஒரு பொருளைக் கெடாம கொண்டு போக ஒரே வழிதான் தெரியும். ஐஸ். உடைச்ச ஐஸை அடியில பரப்பி, மீனை அடுக்கி, மேல ஒரு கை கல்லுப்பு தூவி மூடிட்டா, மரக்காணத்துலேருந்து திண்டிவனம் வரைக்கும் கண்ணு பளபளன்னு போய்ச் சேரும். பன்னெண்டு வருஷமா நான் செய்யற வேலை இது. என் வீட்டுக்காரரோட மானத்தையும் நான் அப்படித்தான் பேக் பண்ணேன்.

அப்ப கல்யாணமாகி நாலு வருஷம். அவரு ஃபைபர் போட்டுல கடலுக்குப் போவாரு, கொண்டு வர்றத நான் எடுத்துட்டுப் போய் விப்பேன். குழந்தை இல்லைங்கிறதத் தவிர எங்களுக்குள்ள ஒரு சண்டையும் கிடையாது. என் மாமியாருக்குத்தான் தாங்கல. கெட்டவங்க இல்ல, ஆனா வாயி இருக்குதே! கூழு ஊத்தற இடமோ ரேஷன் கடையோ, நாலு பொம்பளைங்க நின்னா போதும், "என் மருமவளுக்கு இன்னும் ஒண்ணும் தங்கல"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஒருநாள் என் காதுபடவே, "வேற பொண்ணு பாத்தா இன்னா"ன்னாங்க. கையிலிருந்த குண்டானை நங்குன்னு தரையில வச்சேன் பாருங்க, அந்தப் பேச்சு அதோட நின்னுச்சு. எனக்கு மட்டும் அது உள்ள நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனா இவரும் மனசு மாறிட்டா நான் இன்னா பண்றது?

பாண்டியில ஒரு டாக்டரம்மாகிட்ட போனோம். "முதல்ல சுலபமான டெஸ்ட்டு. அவருக்கு எடுத்துடலாம்"னாங்க. சுலபமாம்! லேப்புல ஒரு சின்ன ரூமைக் காட்டினாங்க. போன மனுஷன் பத்து நிமிஷத்துல வேர்த்து வழிஞ்சு வெளிய வந்துட்டாரு. "வெளிய எவனோ போன்ல கறி விலை பேசிக்கிட்டு இருக்கான்டி. எனக்கு ஆவல." லேப்புப் பொண்ணு சிரிக்காம ஒரு டப்பாவக் குடுத்து, "வீட்டுல எடுத்து, கெட்டுப் போகாம ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டாந்துடுங்க"ன்னுச்சு. அதுக்கு மேலயும் ஏதோ சொல்லிக்கிட்டு இருந்துச்சு. யாரு கேட்டா? இவரு வெக்கத்துல பாதிப் படி எறங்கிட்டாரு, நான் பின்னாடியே ஓடினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பேப்பர்ல சுத்தின டப்பாவ என் மூஞ்சியப் பாக்காம நீட்டினாரு. கெட்டுப் போகக் கூடாதுன்னாங்க இல்ல? இறாலுக்கு வச்சிருக்கிற சின்னப் பெட்டிய எடுத்தேன். அடியில ஐஸ், மேல ஐஸ், மறக்காம ஒரு கை உப்பு. பைக்கு பறந்துச்சு. கோட்டக்குப்பத்துல தொழுகை விட்ட கூட்டம், இவரு ஹாரன் அடிச்ச அடிக்கு நாலு பேரு திட்டினாங்க. அம்பத்தஞ்சு நிமிஷத்துல லேப்பு. டப்பாமேல இருந்த ஈரத்த முந்தானையில தொடச்சு, பெருமையா குடுத்தேன்.

ரிப்போர்ட்டு வந்துச்சு. உயிரணு எண்ணிக்கை இருக்குதாம், ஆனா ஒண்ணுகூட அசையலையாம்.

திரும்பி வரும்போது உப்பளத்துப் பக்கம் பைக்க நிறுத்தினாரு. வாரி வச்ச உப்பு வெயில்ல கண்ணக் கூசுது. அதப் பாத்துக்கிட்டே, "நீ சின்ன வயசு. உங்க வீட்டுக்குப் போயிடு. வேற ஒருத்தனக் கட்டிக்க"ன்னாரு. வந்துச்சு பாருங்க எனக்கு ஆத்திரம்! "யோவ், வாய மூடு. நான் வேணாம்னு சொன்னனா? வண்டிய எடுய்யா"ன்னு முதுகுல ஒண்ணு வச்சேன். பின்னாடி உக்காந்து வீடு வர்ற வரைக்கும் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரு நேரா அவங்கம்மா முன்னாடி போய் நின்னாரு. "குறை எனக்குத்தான். இனிமே அவளப் பத்தி வெளிய ஒரு வார்த்தை பேசாத." மாமியாரு அப்படியே உக்காந்துட்டாங்க. மறுநாளே, ஆம்பளைக்கு நல்லதுன்னு முருங்கப்பூ பொரியல் ஆரம்பிச்சிடுச்சு. அவருக்கு முருங்கப்பூன்னா ஆவவே ஆவாது. தலையக் குனிஞ்சு தின்னாரு.

எட்டாம் நாளு டாக்டரம்மா ரிப்போர்ட்டப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு, "இத எப்படிக் கொண்டாந்தீங்க?"ன்னாங்க.

நான் நிமிந்து உக்காந்தேன். "ஐஸ்ல வச்சுதான் மேடம். ஒரு கை உப்புகூட போட்டேன்."

டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டினாங்க. அடக்கிப் பாத்தாங்க, முடியல. மேசையில தலைய வச்சு சிரிச்சாங்க. அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "குளுந்தா அதுங்க விறைச்சுப் போயிடும்மா. உடம்புச் சூட்டுலயே வரணும். அப்படியே இருந்தாலும் ஒரே ஒரு ரிப்போர்ட்ட வச்சு யாரும் முடிவு பண்ண மாட்டோம். மறுபடி எடுப்போம்"னாங்க.

இவரு மெதுவா என் பக்கம் திரும்பினாரு. செத்தேன்னு நினைச்சேன். "ஏன்டி, எட்டு நாளா நான் முருங்கப்பூ தின்னுக்கிட்டு இருக்கேன். நீ என் புள்ளைங்கள கருவாடு போட்டுட்டியா?" அவ்வளவுதான், மூணு பேரும் சிரிச்ச சிரிப்புல நர்ஸு கதவத் தொறந்து எட்டிப் பாத்துச்சு.

ரெண்டாவது தடவ அந்த டப்பா என் வயித்தோட ஒட்டி, புடவைக்குள்ளதான் பிரயாணம் பண்ணுச்சு. அடை காக்கிற கோழி மாதிரி ஆடாம அசையாம உக்காந்து போனேன். ரிப்போர்ட்டு நல்லாவே வந்துச்சு.

அப்புறம் என் முறை. ஸ்கேன்ல பாத்தா, எனக்குத்தான் முட்டை மாசாமாசம் ஒழுங்கா வெளிய வரலையாம். "இது நிறைய பேருக்கு இருக்குது, மாத்திரையில சரி பண்ணிப் பாப்போம்"னு டாக்டரம்மா சாதாரணமாத்தான் சொன்னாங்க. நான்தான் பைக்குகிட்ட வந்து, "போய்யா, போய் உங்கம்மாகிட்ட சொல்லு. குறை எனக்குத்தான்னு சொல்லு"ன்னு அழுதேன்.

ஹெல்மெட்ட என் தலையில மாட்டி, பட்டனப் போட்டாரு. "வீட்டுல ஒரு தடவ சொல்லியாச்சு. எத்தன தடவ சொல்றது? ஏறு."

ஏழு மாசம் மாத்திரை, ஊசி, மாசத்துக்கு ரெண்டு ஸ்கேனு. அதுக்கப்புறம் வயித்துல நின்னுச்சு. பொண்ணு. இவரு மூக்கு, என் வாயி.

போன மாசம் அவளுக்கு முதல் பொறந்தநாளு. வீடு நிறைய சொந்தக்காரங்க. மாமியாரு பேத்திய இடுப்புல வச்சுக்கிட்டு, "என் மருமவமேல ஒரு குத்தமும் இல்லம்மா, தங்கமான பொண்ணு. குறை என் மவன் பக்கம்தான். நான்தான் முருங்கப்பூவா போட்டுத் தேத்தினேன்"னு எல்லாருக்கும் சொல்றாங்க. சாப்பிட்டுக்கிட்டிருந்த ஆம்பளைங்க இவரப் பாத்து கமுக்கமா சிரிக்கிறாங்க. இதுக்கு மேல பொறுக்க முடியாதுன்னு, "அத்த, அது வந்து..."ன்னு ஆரம்பிச்சேன்.

இவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் தட்ட நீட்டி, "யம்மா, அந்த முருங்கப்பூ இன்னும் கொஞ்சம் போடு"ன்னாரு.