பதினைந்தாவது வீடு

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊரில் சிலுவைப்பாதை கோவிலுக்குள் நடக்காது, தெருவில்தான் நடக்கும். ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழியை நினைத்து நின்று நின்று ஜெபிக்கும் இடங்கள், அதாவது தலங்கள், பதினான்கு. அதற்குப் பதினான்கு வீட்டு வாசலில் பதினான்கு மேசை. மேலே வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி. எந்தத் தலம் எந்தக் குடும்பத்துக்கு என்பது வழிவழியாக வருவது. ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஆண்டவரின் முகத்தைத் துடைத்த ஆறாம் தலம் எங்கள் வீட்டுக்கு. பட்டியல் நோட்டும் என்னிடம்தான். ஓய்வுபெற்ற டீச்சருக்கு அதிகாரம் பண்ண வேறு என்ன இருக்கிறது?

அந்த வருடம் மனசு வெறுமையாகக் கிடந்தது. வேலை முடிந்துவிட்டது, பிள்ளைகள் வெளியூரில். இன்னும் என்னை எதற்காக வைத்திருக்கிறாய் என்று ஆண்டவரைக் கேட்டு, நாற்பது நாளும் மீன் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். கடற்கரை ஊரில் அது லேசுப்பட்ட காரியமில்லை. நாலு பேர் காதில் விழும்படி சொல்லியும் வைத்தேன்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று பங்குச்சாமியின் பிரசங்கம் ஐந்தே நிமிடம். என் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"ஆண்டவரோட சித்தம் என்னன்னு மேல பாத்துக்கிட்டே நிக்காதீங்க. இன்னைக்கு உங்ககிட்ட யாரு என்ன கேட்டாங்கன்னு நெனச்சுப் பாருங்க. அது போதும்."

ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதை நமக்குச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

மறுநாளே அவள் வந்தாள். மண்டபம் அகதி முகாமிலிருந்து வெளியே வந்து, எங்கள் தெருக் கடைசியில் ஓலை வீட்டில் வாடகைக்கு இருந்த இலங்கைக்காரி. கருவாடு காயப்போட்டு விற்றுப் பிழைத்தாள்.

"அக்கா, எங்கட வாசல்லயும் ஒரு தலம் வைக்கேலுமோ? ஊரில அம்மா வீட்டில வைக்கிறவை."

"பதினாலு தலம், பதினாலு வீடு. ஒனக்குன்னு பதினஞ்சாவதா ஒண்ணு உண்டாக்கவா முடியும்?" என்றேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. உண்மையில் கருவாட்டு வாடையில் நின்று ஜெபம் சொல்ல எனக்கு அருவருப்பு. அதை அவளும் புரிந்துகொண்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை பதினான்காம் தலம் முடிந்தது. வழக்கப்படி தெருக் கடைசிவரை போய்க் கடற்கரை வழியாகக் கோவிலுக்குத் திரும்ப வேண்டும். தூரத்தில் அவள் வாசலைப் பார்த்தேன். ஒரு முக்காலி, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி. காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். சொல்லியும் கேட்கவில்லையே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இங்கனயே திரும்புங்க, நேரமாச்சு" என்று கையைக் காட்டினேன். பாட்டோடு கூட்டம் திரும்பியது.

வீட்டுக்கு வந்து ஜெபமாலையை எடுத்தேன், ஒரு மணிகூட நகரவில்லை. யார் என்ன கேட்டார்கள் என்ற சாமியின் கேள்விதான் வந்து வந்து நின்றது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

காலையில் நோட்டோடு அவள் வீட்டுக்குப் போனேன். "அடுத்த வெள்ளிக்கிழமை ஆறாம் தலம் ஒன் வாசல்ல இருக்கட்டும்மா. நேத்து நீ மேசை போட்டும் நாங்க வராமப் போய்ட்டோம்."

அவள் பதறிவிட்டாள்.

"ஐயோ, தலத்துக்கெண்டு வைக்கேல்ல அக்கா. இடமில்லையெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். இந்தப் பக்கம் லைட் எரியிறதில்ல. சிலுவையத் தூக்கிக்கொண்டு வாற ஆக்கள் இருட்டில தடக்கி விழக்கூடாதெண்டுதான் வெளிச்சம் வச்சனான்."

உட்காரச் சொல்லி அதே முக்காலியை எடுத்துப் போட்டாள். எனக்கு உட்காரத் துணிவில்லை.