ஜாக்கியை நம்பாதவர்

அப்பாவின் பழைய காரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்துவதற்காக, சிவகாசி வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றியிருந்தேன். கேட் அருகே ஒருவர் வந்து நின்றார். ஒல்லியான உடம்பு, நகக்கண்களில் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து. பழைய காரை நோட்டம் விட வந்தவர் என்று நினைத்தேன்.

"என்ன வேணும்?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழ போகாதீக. ஸ்பிரிங்குக்கு நேரா உக்காராதீக, தெறிச்சு வரும்."

கேட்காமலே உள்ளே வந்தார். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்து எடுத்தார். என் சந்தேகம் கூடியது.

"எதுக்குத் தரையைத் தொடுறீக?"

"மருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன உடம்புக் கரண்டு மண்ணுல இறங்கணும், இல்லேன்னா பொறி பறந்து மருந்து பத்திக்கிடும். பழகிப்போச்சு."

சுவரோரம் கிடந்த இரண்டு தடித்த மரக்கட்டைகளை வண்டிக்கு அடியில் தள்ளினார். நான் வேண்டாவெறுப்பாக ஸ்பிரிங்கை விட்டு விலகி உட்கார்ந்து அதன் போல்ட்டைத் திருகினேன். ஜாக்கி சரிந்தது. வண்டி கட்டைகளின் மேல் உட்கார்ந்தது. என் இடது கால் வண்டிக்கு அடியில்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை.

தெருவில் பட்டாசுக் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவர் வேகமாக நடந்தார். நன்றி சொல்ல வேண்டிய அந்த நேரத்தில், ஸ்பேனர் பெட்டியைத் திறந்து எதுவும் குறைகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.