விபூதி அல்ல, அடுப்புச் சாம்பல்

கார்கில் போரில் திருமலை காலாட்படைச் சிப்பாய். வயது இருபத்து மூன்று. குண்டு விழுந்து டெலிபோன் கம்பி அறுந்தது. முகட்டில் சிக்கிய ஆறு பேருக்கும் கீழேயிருந்த பீரங்கிகளுக்கும் பேச்சு நின்றது. அறுந்த இடத்துக்குத் திருமலைதான் ஊர்ந்து போனார். பனியில் நனைந்த விரல்களில் கம்பி வழுக்கியது. சட்டைப்பையிலிருந்த டப்பாவைத் திறந்து, சாம்பலைத் தொட்டு, இரண்டு முனைகளையும் முறுக்கினார். பேச்சு வந்தது, பீரங்கி முழங்கியது. ஆறு பேரும் உயிரோடு இறங்கினார்கள். திருமலையின் சுண்டுவிரல் நுனியை மட்டும் குளிர் தின்றுவிட்டது.

அந்த முறுக்கு ஆரணியில் கற்றது. தறியில் பாவு, அதாவது நெடுக்கு நூல், தீர்ந்ததும், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு முடிச்சில்லாமல் முறுக்கிப் பிணைக்க வேண்டும். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். அக்கா பொன்னம்மாளோடு வீடு வீடாகப் போய் அந்த வேலையைச் செய்து வளர்ந்தவர் திருமலை. குண்டுப்பெட்டிப் பலகை எரித்த சாம்பலை மலையிலும் டப்பாவில் வைத்திருந்தது அந்தப் பழக்கத்தில்தான்.

முகட்டிலிருந்து இதைப் பார்த்த ஆறு பேரில் ஒருவரான தேவிகாபுரம் வேணுகோபால் லீவில் வந்து வேறு கதை சொன்னார்: "விபூதிய தொட்டாரு, கம்பி தானா ஒட்டிக்கிச்சு!"

ஊருக்கு இது போதாதா? திருமலை ஓய்வு பெற்று, வங்கி வாசலில் காவலுக்கு நின்ற காலமெல்லாம் மறுத்துப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. இந்த ஆண்டு தெரு விழாக்குழு கல் நடவே முடிவு செய்தது. வாசகம்: 'விபூதி வீரர் திருமலை.'

குழுத் தலைவர் வீரபாகு அழைப்பிதழோடு வீட்டுக்கு வந்தார். பொன்னம்மாள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் அவளுடைய சாம்பல் டப்பா. வீரபாகு பேச்சுவாக்கில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"இன்னா தலைவரே, எங்க வூட்டு அடுப்ப நெத்தியில பூசிகினு இருக்கீங்க?" என்றாள் பொன்னம்மாள்.

வீரபாகு பதறித் துடைத்தார். திருமலை சிரித்தார்.

"இதே தப்புதாங்க கல்லுலயும் ஏறப் போவுது. அக்கா பேர போடுங்க. இல்லன்னா கல்லே வேணாம்."

"சாமி விஷயமா இருந்தா ஜனங்க கும்பிடும், திருமலை."

"கும்பிட வேணாம். படிச்சா போதும்."

துப்பாக்கி பிடித்த கைக்குச் சால்வை போட ஊரே வருகிறது. நாற்பது ஆண்டாகக் குனிந்து, ஒரு பாவுக்கு நாலாயிரம் இழை பிணைக்கும் பெண்ணின் பெயர் எந்தப் புடவையிலாவது உண்டா? அவள் விரலில் இருந்த அறிவைத் தூக்கிச் சாமிக்குக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்ததா?

திருமலை அசையவில்லை. நாயகன் இல்லாமல் விழா ஏது? வீரபாகுதான் இறங்கி வந்தார்.

தெருமுனைக் கல்லில் இப்போது இப்படி இருக்கிறது: 'பாவு பிணைக்கும் பொனம்மாள் கற்றுத்தந்த முறுக்கால் ஆறு உயிர் காத்த திருமலை.'

திறப்பன்று பொன்னம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"ஏன்டா தம்பி, 'ன்' ஒண்ணு அறுந்துகினு கீது பாரு. கல்லு கொத்துன ஆளக் கூப்புடு, ஜல்தியா பிணைக்கச் சொல்லு."