ஸ்டுட்கார்ட்டுக்கு ஒரு பாலிசி, போடி வழியாக

காலை 6.30

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் பயணத்தை விமான நிலையத்தில் தொடங்குவார்கள். எங்கள் பயணம் எங்கள் திராட்சைப் பந்தலுக்கடியில் தொடங்கியது. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகள் ஸ்டெல்லாவுக்கு மே மாதம் பிரசவம். விசாவுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம், மருத்துவச் செலவுக்கு முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையக் கூடாது என்று போனில் சொல்லிவிட்டாள். அதைத் தேர்ந்தெடுத்து வாங்கத்தான் பிப்ரவரி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை தேனிக்குக் கிளம்பினோம். வேளாங்கண்ணிக்கும் கோவாவுக்கும் போனபோது எழுதிய அதே நோட்டில் இதையும் எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை. உத்தமபாளையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர், மாதா கோயில் உள்ள ஊர் என்பதே அதிகம்.

எங்கள் வீட்டுக்காரர் சூசைராஜுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. கிளம்பும் நேரத்தில் குமுளியிலிருந்து மலையாளி வியாபாரி ஒருவர் வந்துவிட்டார். இவர் அவரை நேராக மேற்கு மூலையில் செவட்டை நோய் விழுந்த வரிசைக்கு அழைத்துப் போனார். இலையெல்லாம் காய்ந்து, குலைகள் பாதி கருகிக் கிடந்தன.

வியாபாரி முகம் சுளித்தார். "எந்தா சேட்டா, இதையா காட்டக் கூப்பிட்டீங்க? நல்லது எவிட?"

"மத்ததெல்லாம் நல்லதுதான். இத மொதல்ல பாத்துக்கிருங்க."

முப்பது வருடமாக இவர் வியாபாரம் இப்படித்தான். நானும் பலமுறை சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். "கெட்டத அவன் பின்னாடி கண்டுபிடிச்சான்னு வையி, நல்ல கொலையையும் சந்தேகப்படுவான்" என்பார். அன்றும் விலை படிந்துவிட்டது. நான்தான் அந்த வரிசைப் பக்கம் திரும்பாமல் நின்றேன்.

காரணம் என் கைப்பையில் இருந்தது. உள் ஜிப்புக்குள் ஒரு மாத்திரை அட்டை, அதோடு மடித்து வைத்த ஒரு மருந்துச் சீட்டு. எட்டு மாதமாக இருக்கிறது. இவருக்குத் தெரியாது.

காலை 7.40

எங்கள் ஊரிலிருந்து உத்தமபாளையத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம், இவருக்கு டிக்கெட். "பொண்டாட்டிய ஏத்துனா புருசனுக்குப் பாதியாச்சும் கொறைக்கலாம்ல?" என்று கண்டக்டரிடம் கேட்டார். "ஆத்தாவுக்குத்தான் கவருமென்ட்டு, ஒங்களுக்கு நீங்கதான்" என்றார் அவர்.

பயணக் கட்டுரையில் உடம்பைப் பற்றி எழுதுவது வழக்கமில்லை. ஆனால் இந்தப் பயணமே உடம்பைப் பற்றியது. போன ஜூன் மாதம், டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் இருக்கையில், பள்ளிக்கூடப் படிக்கட்டில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு கண்டபடி அடித்தது. எங்கள் பக்கத்தில், வெளியில் தெரியக் கூடாத நோய்க்கு உள்ளூர் டாக்டரைப் பார்க்க மாட்டோம். உத்தமபாளையத்துக்காரர்கள் போடிக்குப் போவோம். போடிக்காரர்கள் பெரியகுளத்துக்கோ மதுரைக்கோ போவார்கள். நானும் ஒரு கல்யாணத்தைச் சாக்குச் சொல்லிப் போடிக்குப் போனேன். இதயத் துடிப்பு சீராக இல்லை, தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, ஒருநாளும் விடக் கூடாது என்றார் டாக்டரம்மா.

ஏன் மறைத்தேன்? ஸ்டெல்லாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். இரண்டு முறை தங்கவில்லை. இரண்டு முறையும் அவள் அங்கே தனியாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள், நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடுத்த முறை அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன், செப்டம்பரில் அந்தச் செய்தியும் வந்துவிட்டது. நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் இவர் என்னை உத்தமபாளையம் தாண்ட விடமாட்டார். சொன்னால் பயணம் போய்விடும் என்று பயந்தேன். சொல்லாமல் போய் அங்கே எனக்கு ஏதாவது ஆனால் என்ன ஆகும் என்பதை மட்டும் நினைக்காமலே நாளைக் கடத்தினேன்.

காலை 8.15

தேனி பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் இடம் கிடைத்தது. முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஆளுக்கு இருபத்தாறு ரூபாய். எட்டு மணி மாத்திரையை உத்தமபாளையம் பஸ் நிலையத்தில், இவர் டீ குடிக்கப் போன நேரத்தில் விழுங்கியாயிற்று. இந்தத் திருட்டில் நான் தேறிவிட்டேன்.

சின்னமனூரில் பஸ் நின்றபோது வாழைத்தார் ஏற்றும் லாரிகளுக்கு நடுவே மேகமலை மங்கலாகத் தெரிந்தது. அங்கே ஏறிய ஓர் அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சியம்மாள் என்று பெயர் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் யாரிடமும் எதையும் மறைக்காதவர் ஆயிற்றே, அடுத்த நிமிடமே ஜெர்மனி, மகள், பாலிசி எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டார்.

"பாலிசியா?" பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார். "பாத்துப் போடுங்க டீச்சர். நாங்க சிங்கப்பூருல மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். எங்க வீட்டுக்காரவுகளுக்கு நெஞ்சு வலி வந்துருச்சு. பாலிசி போடையில சுகர் இல்லன்னு எழுதிட்டாக."

"அப்புறம்?"

"அங்கன டாக்டரு கேக்கவும், பயத்துல, ஆறு வருசமா சுகருன்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டாக. டாக்டரு அத அப்பிடியே எழுதிட்டாரு. கம்பெனிக்காரவுக அந்தத் தாளப் பாத்துட்டுக் கைய விரிச்சுட்டாக."

"பணம்?"

"மகன்தான் கட்டுனான். இன்னைக்கும் அந்தப் பேச்ச எடுத்தா எங்க வீட்டுக்காரவுக எந்திரிச்சு வெளிய போயிருவாக."

எனக்கு இது புதிதாக இருந்தது. கம்பெனியிடம் மறைக்கிறவர்கள் எல்லோரும் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாமல் வைத்தியம் எப்படி நடக்கும்? மறைப்பதற்கு எவ்வளவு திறமை இருந்தாலும் உடம்பு கட்டிலில் விழுந்ததும் வாய் திறந்துவிடும். வீரபாண்டி வந்து ஆற்றுப் பாலம் தாண்டியது கூட எனக்குத் தெரியவில்லை.

காலை 9.50

தேனி. மதுரை ரோட்டில் பம்புசெட் கடைக்கு மேல் மாடியில் ராஜேஸ்வரியின் அலுவலகம். எங்கள் டிராக்டருக்கு இன்சூரன்ஸ் போடுவது அவள்தான். நாற்பது வயதிருக்கும். இவரை அண்ணன் என்பாள். மூன்று பாலிசிகளின் தாள்களை மேசையில் பரப்பினாள்.

விடைத்தாள் திருத்தியே பழகிய கண்ணுக்குப் பொடி எழுத்து பெரிய விருந்து. எத்தனை விநோதங்கள்! பெட்டி தாமதமாக வந்தால் பணம். விமானம் இத்தனை மணி நேரம் தாமதமானால் பணம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் நான் பங்களா கட்டியிருப்பேன். விலை கூடிய மூன்றாவது பாலிசியில், கோல்ஃப் பந்தை ஒரே அடியில் குழியில் போட்டுவிட்டால் அதற்கும் ஒரு தொகை இருந்தது.

"அங்கன போயி நான் பந்தா அடிக்கப் போறேன்?" என்றார் இவர். பிறகு, நாங்கள் இல்லாத நேரத்தில் வீட்டில் திருடு போனால் பணம் என்ற வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "தோட்டத்துல காட்டுப்பன்னி பூந்தா?"

"பன்னிய திருடன் கணக்குல சேக்க மாட்டாகண்ணே" என்று ராஜேஸ்வரி சிரித்தாள்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். முதல் பாலிசி ஆளுக்கு 3,900 ரூபாய். விசாவுக்குப் போதும். ஆனால் ஏற்கெனவே உள்ள நோயால் எது வந்தாலும் ஒரு பைசா தராது. இரண்டாவது 7,200. ஏற்கெனவே உள்ள நோயை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதனால் உயிருக்கு ஆபத்து வரும்போது ஒரு வரம்பு வரை கொடுக்கும். இரண்டிலும் முதல் நூறு யூரோ நம் கையிலிருந்து. "வெலையப் பாத்து எடுக்காதீக, ஒங்க ஒடம்பப் பாத்து எடுங்க. சுகமா இருந்தா மொதலாவதே போதும்" என்றவள் பேனாவை எடுத்துக்கொண்டு கேள்விகளை ஆரம்பித்தாள்.

இவர் தோட்டத்தில் செய்ததையே இங்கேயும் செய்தார். "எட்டு வருசத்துக்கு முன்னாடி கொடல் இறக்கத்துக்கு ஆபரேசன். எழுதிக்க. ரெண்டு வருசம் முன்னாடி மருந்தடிக்கையில மயக்கம் போட்டு விழுந்தேன். எழுதிக்க. போன கார்த்திகையில தேள் கொட்டுச்சு."

"தேளெல்லாம் வேணாம்ணே."

"எழுதிக்கத்தா. பின்னாடி பாத்துச் சந்தேகப்படக் கூடாதுல்ல."

தேளையும் எழுதினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "டீச்சருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "அவளுக்கு என்ன, இரும்பு. ஒரு தலவலின்னு படுத்தது கெடையாது. அவளுக்கு மொதலாவது பாலிசியே போதும்."

அந்தப் பெருமை எனக்குப் பொறுக்கவில்லை. தேள் கடியைக் கூட மறைக்காத மனிதர், என்னைப் பற்றி அத்தனை பெரிய பொய்யை நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருந்தார். சொல்ல வைத்தது நான். ஜிப்பைத் திறந்தேன். அட்டையையும் சீட்டையும் எடுத்து, ராஜேஸ்வரியின் தாள்களுக்கு மேல் வைத்தேன்.

"எட்டு மாசமா சாப்புடுறேன். ரெண்டாவது பாலிசியப் போடு" என்றேன்.

இவர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய் மாடிப்படியில் நின்றுகொண்டார். தேள் எழுதிய பேனாவோடு ராஜேஸ்வரி என்னையே பார்த்தாள்.

"போகக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள் மெதுவாக. "பயணம் செய்யலாம்னு டாக்டருகிட்ட ஒரு லெட்டர் வேணும். கொஞ்சம் கூடக் கட்டச் சொல்லலாம். லெட்டரப் போட்டோ எடுத்து அனுப்புங்க, பதில் நான் சொல்றேன்."

பகல் 12.10

கடிதம் வாங்க நேராகப் போடிக்கு பஸ் ஏறினோம், பதினைந்து கிலோமீட்டர். இவர் என் பக்கத்தில் உட்காராமல், முன் இருக்கை காலியாக இருந்ததால் அங்கே உட்கார்ந்தார். நான் அவர் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு போனேன். கோபித்துக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். முப்பத்தொரு வருடத்தில் அவரை நான் ஏமாற்றியது இது ஒன்றுதான், அதுவும் இவ்வளவு பெரிதாக. எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

கிளினிக்கின் காத்திருப்புக் கூடத்தில் நுழைந்தால் எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மாதா கோயில் வேலைகளைக் கவனித்து, ஞாயிறுதோறும் பூசையில் வாசகம் வாசிக்கிறவர். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த எக்ஸ்ரே உறையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இவர் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"யாரும் யாரையும் பாக்கல" என்றார்.

"பாக்கலீங்க" என்றது உறைக்குப் பின்னாலிருந்து குரல்.

டாக்டரம்மா கடிதம் எழுதித் தந்தார். மாத்திரை தவறாமல் போட்டால் பயணம் செய்யத் தடையில்லை, விமானத்தில் நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும், மாத்திரையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். "கைப்பையில வைக்க ஒங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்ல" என்று இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தேனியிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது, அதுவும் 'ஒங்களுக்கு' என்ற மரியாதையோடு. கடிதத்தைப் போட்டோ எடுத்து ராஜேஸ்வரிக்கு அனுப்பினேன்.

மாலை 4.00

திரும்பும்போது தேனி வழியாகப் போகவில்லை. போடியிலிருந்து தேவாரம் வழியாக உத்தமபாளையம் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். இந்த வழியில் வலப்பக்கம் முழுக்க மலை கூடவே வரும். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இம்முறை இவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆனால் ஜன்னலைப் பார்த்தே வந்தார்.

தேவாரத்தில் போன் அடித்தது. ராஜேஸ்வரி. "ஓகே ஆயிருச்சு டீச்சர். ஒங்களுக்கு ஆயிரத்து நானூறு கூட. நெஞ்சுக் கோளாறுக்கு உயிருக்கு ஆபத்துன்னாத்தான் தருவாக, சும்மா செக்கப்புக்குப் போனா தர மாட்டாக. அண்ணன் என்ன சொல்றாக? போட்டுரவா?"

போனை இவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "அப்பறம் பேசுறேன்னு சொல்லு" என்றார்.

அவ்வளவுதான், பயணம் போய்விட்டது என்று நினைத்தேன். கம்பெனி ஒத்துக்கொண்டது, டாக்டர் ஒத்துக்கொண்டார். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டெல்லா மூன்றாவது முறையும் அம்மா இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறாள். உடம்பில் உள்ள நோய்க்கு ஒரு பாலிசியில் வழி இருக்கிறது. கூட வாழ்கிறவரிடம் மறைத்ததற்குப் பொடி எழுத்தில் கூட ஒன்றும் போட்டிருக்கவில்லை. "மன்னிச்சிருங்க" என்றேன். பஸ் சத்தத்தில் கேட்டதோ என்னவோ.

கோம்பையைத் தாண்டும்போது கேட்டார். "எத்தன மணிக்கு?"

"எது?"

"மாத்திர."

"காலையில எட்டு மணிக்கு. விடக் கூடாதுன்னாக."

விரல் விட்டு எதையோ எண்ணினார். "அங்கன மே மாசம் மூணரை மணி நேரம் பின்னாடின்னு ஸ்டெல்லா சொன்னாள்ல? அப்ப இங்கன எட்டுன்னா அங்கன எத்தன?"

"நாலரை" என்றேன்.

"விடியக்காலம் நாலரை." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ராஜேஸ்வரியின் எண்ணைத் தேடினார். "மருந்தடிக்க எந்திரிக்கிற நேரந்தான். நான் எழுப்பி விடுறேன்."