மாமாவின் வண்டியைப் பிரித்த வாரம்

எஞ்சினைப் பிரித்தால் அதன் உயிர் 'உஸ்ஸ்' என்று வெளியே போய்விடும் என்று சிறு வயதில் நான் மனமார நம்பினேன். நம்பியதற்கு என் காதே சாட்சி. விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் அப்பா எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும்போதெல்லாம், கொதிகலனைத் திறந்து கழுவுகிற 'வாஷ் அவுட்' நாளில், ஏதாவது ஒரு ராட்சத எஞ்சின் தன் ஆவியையெல்லாம் 'உஸ்ஸ்' என்று கக்கிவிட்டு, கருகிய எண்ணெய் நெடியோடு மெல்ல மெல்லச் சில்லிட்டுப் போவதைப் பார்ப்பேன். பிறகு அதே எண்ணோடு ஒன்று கூவிக்கொண்டு கிளம்புவதும் கண்ணில் படும். ஆனால் அது வேறு எஞ்சின் என்று முடிவு கட்டியிருந்தேன். எண் ஒன்றாக இருந்தால் என்ன? செத்துப்போன தாத்தாவின் பெயரைத்தான் எனக்கும் வைத்திருந்தார்கள்.

இந்த ஞானத்தோடு நான் வளர்ந்துவந்த காலத்தில், அதாவது இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய ஆண்டுகளில், திண்டிவனத்து மாமா ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். மாமா என்றால் அப்பாவின் அக்காள் கணவர். தையல் மிஷின் விற்பவர். புதுச்சேரியிலிருந்து சொந்த ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன வண்டி அது. பக்கத்தில் படகு மாதிரி ஒரு 'சைடு கார்'. அதில் அத்தை உட்காருவார். அத்தை பிரசவம் பார்க்க முறையாகப் படித்தவர். ஒலக்கூர்ப் பக்கமோ வானூர்ப் பக்கமோ எந்த வீட்டில் வலி எடுத்தாலும் ஆள் ஓடிவரும்; மாமா வண்டியை உதைப்பார்; மடியில் மருந்துப் பையும் தலையில் முக்காடுமாக அத்தை புழுதிக்குள் மறைந்துபோவார்.

அந்த வருஷம் எங்கள் அம்மாவுக்குப் பிள்ளைப்பேறு. அத்தை வந்துதான் பார்க்க வேண்டும் என்பது எப்போதோ முடிவான விஷயம். வண்டியும் ஒரு முனகல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து ஒரு தரம்கூடப் பிரித்துப் பார்க்காத எஞ்சின் தெருவில் திரிவதை, குளிக்காதவன் கோயிலுக்குள் நுழைந்ததைப் போலப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடும்போது பேச்சு முற்றியது.

"நல்லா ஓடுது நல்லா ஓடுதுன்னு சொல்லிக்கினே விக்கிரவாண்டி நடுரோட்ல நிக்கப் போறீங்க மாமா. நின்னப்புறம் பிரிச்சா அதுக்குப் பேரு ரிப்பேரு இல்ல, போஸ்ட்மார்ட்டம்."

"தூங்கற கொழந்தயக் கிள்ளி எழுப்பி அப்புறம் தாலாட்டு பாடற ஆளுய்யா நீ, மச்சான்" என்றார் மாமா. "ஓடறத இன்னாத்துக்குப் பிரிக்கறது? உள்ள கசியாம அடைக்கற பாக்கிங் கிழிஞ்சா பிரான்சுலருந்து கப்பல்லதான் வரணும். பேஜாரு."

அதுவரை முள் எடுத்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிர்ந்தார். "மாசா மாசம் இவ வவுத்தத் தொட்டுப் பாக்கறனே, வலி வந்தப்புறமா பாக்கறேன்? ஒண்ணும் இல்லாதப்பதான பாக்கறேன்?"

அப்பா முகத்தில் தேர்த் திருவிழா. "கட்டினவங்களே சொல்லிட்டாங்க! அப்புறம் இன்னா?"

"எனக்கு இன்னும் நாள் இருக்குது" என்றார் அம்மா. "பிரிக்கறதுன்னா இப்பவே பிரிச்சி ஜல்தியா மூடிடுங்க."

வண்டியை எங்கள் வாசலில் விட்டுவிட்டு மாமாவும் அத்தையும் ரயிலில் திரும்பிப் போனார்கள். ரயிலில் போனவர்கள் ரயிலில் வரவும் முடியும் என்பது, பகலெல்லாம் ரயில் சத்தத்தில் பாத்திரம் அதிரும் வீட்டில் பிறந்த எனக்கு உறைக்கவில்லை. என் கணக்கு வேறு: பிரித்தால் எஞ்சின் சாகும், எஞ்சின் செத்தால் அத்தை வரமாட்டார், அத்தை வராவிட்டால் அம்மா… அதற்கு மேல் கணக்கு போட எனக்குத் தைரியமில்லை.

முதலில் அந்தோணியாருக்கு என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். நான் கொஞ்சம் குள்ளம். கஞ்சப்பயல் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று அப்பா உயரத்துக்கு மாற்றினேன். அதிலும் நிம்மதி வராமல், ஜட்கா வண்டிக்கார பாயிடம் போய், "அம்மாவுக்கு எப்ப வேணும்னாலும் வலி வரலாம் பாய், குதிரையக் கட்டியே வையுங்க" என்று அழுதேன். நல்ல மனிதர், வண்டியோடு நேரே எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். ஜட்காவைக் கண்டதும் தெருப் பெண்கள் வெந்நீர்ப் பானைகளோடு உள்ளே பாய்ந்தார்கள். உள்ளே அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"யாருக்குடி வலி?" என்றாள் எதிர்வீட்டு சவரியம்மா.

"எனக்கா? எனக்கே தெரியாதேக்கா" என்றார் அம்மா.

சனிக்கிழமை பிற்பகல் அப்பா கோணியை விரித்து எஞ்சினின் தலையைக் கழற்றினார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பிறகு ஆவல் தாங்காமல் ஒரு விரலை மட்டும் விலக்கினேன். 'உஸ்' வரவேயில்லை. அப்படியானால் அது முன்பே போய்விட்டது என்று தீர்மானித்தேன். பயத்துக்குத் தேவையான சாட்சியத்தைத் தேடிக் கொடுப்பதில் எனக்கு இணை நானே.

மறுநாள் காலை, எஞ்சினின் பாதி மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிக்கொண்டிருந்தபோது, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. "அத்தையக் கூப்பிடச் சொல்லு" என்றார். நான் தெருவில் இறங்கிக் கத்தினேன். "போடா! அன்னிக்குக் கொண்டாந்த வெந்நீரே இன்னும் ஆறல" என்று சவரியம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா எண்ணெய்க் கையோடு ஸ்டேஷனுக்கு ஓடி, தந்தி அடிக்கும் சிநேகிதரைத் திண்டிவனத்துக்குச் செய்தி தட்டச் சொன்னார். அடுத்த பாசஞ்சர் வண்டிக்கு வெகுநேரம் இருந்தது. நான் திண்டிவனம் சாலையையே பார்த்துக்கொண்டு, பிரித்துப் போட்ட வண்டியின் சைடு காரில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. சைடு கார் வைத்த வண்டியைக் கண்ணால் பார்த்துப் பல காலம் ஆகிறது. தெரிந்தவர் வீட்டுப் பெண்ணைச் சரக்கு வண்டியில் தம் பெட்டியில் ஏற்றிக்கொள்கிற ரயில் கார்டும் இப்போது இல்லை. போன வாரம் என் மகன், "வண்டி நல்லாதான் ஓடுது, ஆனா ஒரு தரம் பிரிச்சிப் பாத்துடலாம்னு மெக்கானிக் சொல்றாரு, இன்னாப்பா செய்யலாம்?" என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் என் கை தானாகக் காதுக்குப் போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். அத்தை பாசஞ்சருக்குக் காத்திராமல், முதலில் வந்த சரக்கு வண்டியில், கார்டு பெட்டியில் உட்கார்ந்து உரிய நேரத்தில் வந்து சேர்ந்தார். தங்கை சுகமாகப் பிறந்தாள். எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை.