ஒல்லி ஆளுக்குத் தைத்த கோட்டு

துபாய் தேராவில் தையல் கடை வைத்திருந்தபோது, ஒரு பணக்கார அரபிக்கு மெய்க்காவலாக இருந்த நம்மூர் முன்னாள் ராணுவக்காரருக்குக் கோட்டு தைத்தேன். ஆள் ஈர்க்குச்சி. வழக்கம்போல டேப்பைப் பிடித்து, உடம்போடு ஒட்டிய மாதிரி கச்சிதமாக வெட்டிவிட்டேன். உள்ளே துப்பாக்கி இருக்குமென்று அவரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். "அண்ணே, குனிஞ்சா துருத்திக்கிட்டுத் தெரியுது. முதலாளி திட்டுறாரு."

துப்பாக்கியைக் கடைக்குள் கொண்டுவர அவருக்கு அனுமதி இல்லை. அதனால் என்னுடைய பெரிய கத்தரிக்கோலை உறையோடு அவர் இடுப்பில் செருகச் சொல்லி மறுபடி அளந்தேன். பக்கத் தையலைப் பிரித்து விட்டதும் துருத்தல் மறைந்தது. கோட்டுதான் இரவல் வாங்கியதுபோலத் தொளதொளவென்று தொங்கியது.

"துப்பாக்கி இடுப்பெலும்புல வேற இடிக்குதுண்ணே, கார்ல உக்கார முடியல. என்கூடக் காவலுக்கு இருக்கிற குண்டனுக்கு வயித்துல குத்துதாம். ஆனா அவனுக்கு வெளிய தெரியல, பொழைச்சுக்கிட்டான்" என்றார்.

அடுத்த மாதம் அதே கோட்டோடு அந்த அரபி வீட்டு டிரைவர் வந்தார். கூடவே புதிதாக ஒரு குண்டு ஆள்.

"இவருக்குத் தகுந்த மாதிரி பிரிச்சு விடுங்க பாய். ஜல்தி."

"ஒல்லியா இருந்தாரே, அவரு?"

"கலாஸ். ஊருக்கு அனுப்பிட்டாங்க."

டேப்பை எடுக்கும் முன் கத்தரிக்கோலை உறையோடு எடுத்துப் புது ஆளிடம் நீட்டினேன்.