கயிற்றை இழுக்கப்போவது நான்

கடலூரில் உழவு மெஷின் விற்கும் கடையில் மேசைமேல் நான் எடுத்து வைத்த மண்ணாங்கட்டியைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் கடப்பாரையால் பெயர்த்து, கட்டைப்பையில் போட்டு, சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கட்டி அது. வேறு எந்த மண்ணிலும் ஓட்டிக் காட்ட வேண்டாம், இந்த மண்ணுக்கு எந்த மெஷின் சரிப்படும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

முந்தின வாரம் அவர் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு தோப்பில் பவர் வீடர் ஓட்டிக் காட்டியிருந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தால், முன்னால் கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறிக்கொண்டு போகும். அழகாகத்தான் போனது. ஆனால் அது மணல் பூமி. அங்கே கரண்டியால் கிளறினாலும் மண் புரளும். எங்கள் வீடு சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவில். களிமண். நனைந்தால் காலை விடாது, காய்ந்தால் கடப்பாரையே எகிறும்.

இத்தனை வருடமும் அந்தக் களிமண்ணைக் கொத்திக் கத்தரியும் வெண்டையும் போட்டவர் என் வீட்டுக்காரர்தான். அவருக்கு இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, கனமான வேலை கூடவே கூடாது என்றார் டாக்டர். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். ஒருநாள் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினால், மனுஷன் கொல்லையில் மண்வெட்டியும் கையுமாக நிற்கிறார். சட்டையெல்லாம் வியர்வை. முதலில் பயந்துபோனேன். பிறகு கோபம் வந்தது. எனக்குப் பயம் வந்தால் பின்னாலேயே கோபமும் வந்துவிடும். இனி இந்த வீட்டில் மண்ணைக் கிளறுவது நான்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். நடவு நேரத்தில் இந்தத் துண்டு இடத்துக்கு யார் வருவார்கள்? வந்தாலும் இவர் சும்மா நிற்க மாட்டார். இப்படி இல்லப்பா என்று மண்வெட்டியை வாங்கி, தானே வெட்ட ஆரம்பித்துவிடுவார். தோட்டமே வேண்டாம் என்றாள் மகள் போனில். அதை விட்டால் இந்த மனுஷன் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதையும் என்னால் பார்க்க முடியாது.

கடைக்காரர் பெரிய மெஷின் ஒன்றைக் காட்டினார். களிமண்ணுக்கு இதுதான் சரி என்றார். விலை, பெட்ரோல், கத்தி, எதைச் சொன்னாலும் என்கூட வந்திருந்த இவரைப் பார்த்தே சொன்னார். சாருக்கு ஈசியா இருக்கும் என்று வேறு சொன்னார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"சார் ஓட்டப்போறதில்லைங்க. நான்தான் ஓட்டப்போறேன். என்னப் பாத்துச் சொல்லுங்க."

இவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக நான் நிறுத்தவில்லை.

பெரிய மெஷினை ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. என்ஜின் ஒரு செருமல் செருமிவிட்டு அடங்கியது. திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. எங்கள் தென்னைக்கும் மதிலுக்கும் நடுவில் அதைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். பேட்டரியில் ஓடுவது ஒன்று இருந்தது. பொத்தானை அமுக்கினால் போதும், ஆனால் எங்கள் மண்ணில் அது கீறல்தான் போடும் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். கடைசியாக மூலையில் நின்ற சின்ன பெட்ரோல் மெஷின். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டுத் தூக்கிப் பார்த்தேன், படியேற்ற முடியும் என்று தெரிந்தது. களிமண்ணில் துள்ளும், ஒரே ஓட்டத்தில் ஆழம் போகாது என்று எச்சரித்தார். பதம் பார்த்து ஓட்டுகிறேன், ஒரு தடவையில் போகாவிட்டால் நாலு தடவை ஓட்டுகிறேன், உங்களுக்கு என்ன கவலை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மண்ணுக்குத் தண்ணீர் விட்டுக் காத்திருந்தேன். ஒரு பிடி எடுத்தால் கையில் ஒட்டாமல் உதிரும் பதம் வந்த காலையில் கயிற்றை இழுத்தேன். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. முதல் ஓட்டத்தில் மெஷின் துள்ளியது, கூடவே நானும் துள்ளினேன். இரண்டாவதில் மேல்மண் உடைந்தது. அடுத்ததில்தான் கத்தி உள்ளே இறங்கியது. கை மரத்துப்போனாலும் விடவில்லை.

இவர் பின்வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலூரிலிருந்து வந்தது முதல் சரியான பேச்சில்லை. தன் வேலையைப் பிடுங்கிக்கொண்டேன் என்ற கோபமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மதிலோரம் திரும்பும்போது ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. என்ஜினை அணைத்தேன்.

"நல்லா வருது உனக்கு," என்றார். "இனிமே நான் இல்லன்னாலும் நீ பாட்டுக்கு ஓட்டிப்ப."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நானே இழுக்க வேண்டும், நானே தூக்க வேண்டும் என்று கடையில் அடம்பிடித்ததை இந்த மனுஷன் இப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நீங்க இல்லாதப்ப ஓட்டவா மாமா இத வாங்குனேன்? நீங்க இருக்கணும்னுதான் வாங்குனேன்."

அவர் எழுந்து வந்தார். கிளறிய மண்ணில் கிடந்த கோரைக்கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கயிற்றைக் கையில் எடுத்தேன்.

"அந்தாண்ட ஓரம் விட்டுப்போச்சு பாரு, கண்ணு தெரியல?" என்று அதட்டினார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த அதட்டலைக் கேட்கிறேன். அந்த ஓரத்தை இன்னொரு தடவை ஓட்டினேன்.